எவ்வளவு தூரம், எவ்வளவு காலம்: ஐபி முகவரிகளில் எதை எங்கே வைப்பது?

புதிதாக ஒரு வலையமைப்பை அமைப்பவர் முன்பெல்லாம் முகவரிகளைப் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. 192.168 என்று தொடங்கும் எண்களை ரூட்டரே எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். அச்சுப்பொறிக்கு மட்டும் மாறாத ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஐபி ஆறாம் பதிப்பை இயக்கிய அன்றே அந்த எளிமை போய்விடுகிறது. ஒரே மடிக்கணினியின் ஒரே வைஃபை இடைமுகத்தில் (வலையோடு இணையும் முனையில்) நான்கைந்து முகவரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று நேற்று இல்லாதது, இன்னொன்று நாளை மறுநாள் இருக்காது. இவற்றில் எது இந்தக் கணினியின் முகவரி என்று கேட்டால், எல்லாமே அதன் முகவரிகள்தாம் என்பதே சரியான விடை. ஆகவே இங்கே தேர்வு என்பது ஒரு கருவிக்கு ஒரு முகவரியைப் பொறுக்கி எடுப்பது அன்று. எந்த வேலையை எந்த முகவரியின் மேல் ஏற்றுவது என்று முடிவுசெய்வதே தேர்வு.

அந்த முடிவை எடுக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. இந்த முகவரி எவ்வளவு தூரத்திலிருந்து எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்? எவ்வளவு காலம் மாறாமல் இருக்க வேண்டும்? முகவரி வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இவ்விரண்டையும் ஒவ்வொரு கருவியின் முன்னும் நிறுத்திக் கேட்பது நல்ல பயனைத் தரும். எடுத்துக்காட்டாக, ஒரு ரூட்டர், இரண்டு அச்சுப்பொறிகள், ஒரு கோப்புச் சேவையகம், சில கண்காணிப்புக் கேமராக்கள், வெளியுலகுக்குத் திறந்த ஒரு வலைச் சேவையகம், பணியாளர்களின் கணினிகள், விருந்தினரின் கைபேசிகள் ஆகியவை கொண்ட ஒரு சிறு வலையமைப்பை எடுத்துக்கொள்வோம். வலைச் சேவையகம் எங்கிருந்தும், எப்போதும் ஒரே முகவரியில் கிடைக்க வேண்டும். அச்சுப்பொறி கட்டடத்துக்குள் மட்டும், ஆனால் மாறாமல் கிடைக்க வேண்டும். விருந்தினரின் கைபேசியோ உலகம் முழுவதையும் எட்ட வேண்டும். அதே சமயம் அதன் முகவரி நிலையாக இல்லாதிருப்பதே அதற்கு நல்லது.

முதலில் நான்காம் பதிப்பை வைத்துக்கொள்வதா, விடுவதா என்ற கேள்வியைத் தீர்த்துவிடலாம். 1981இல் வரையறுக்கப்பட்ட அந்தப் பதிப்பின் முகவரி 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள், நீளம் உடையது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலக அளவில் அவற்றைப் பகிர்ந்தளிக்கும் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதற்கு நெடுநாள் முன்பே, 1996இல், ஆர்எஃப்சி 1918 என்ற இணைய வரையறை ஆவணம் மூன்று தொகுதிகளைத் தனிப்பயன்பாட்டுக்கு ஒதுக்கியிருந்தது. 10 என்று தொடங்குவது 1,67,77,216 முகவரிகளையும், 172.16 முதல் 172.31 வரையிலானது 10,48,576 முகவரிகளையும், 192.168 என்பது 65,536 முகவரிகளையும் கொண்டவை. இவை இணையத்தில் செல்லாதவை. வாசலில் ரூட்டர் இவற்றை ஒரே பொது முகவரியாக மாற்றி அனுப்புகிறது. பொது முகவரியும் பற்றாமல் போனபோது, சேவை வழங்குநர்கள் தங்கள் பக்கத்தில் இரண்டாவது முறையும் முகவரியை மாற்றத் தொடங்கினார்கள். அதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 (சாய்கோட்டை அடுத்த எண், தொடக்கத்தில் எத்தனை பிட்டுகள் மாறாதவை என்பதைச் சொல்லும்) என்ற தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால், நீங்கள் வேறு பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரியையும் அதன் 65,536 போர்ட் எண்களையும் (ஒரே முகவரியில் வெவ்வேறு இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்) பங்கிட்டுக்கொள்கிறீர்கள் என்று பொருள். அந்நிலையில் வெளியிலிருந்து உங்கள் சேவையகத்தை நான்காம் பதிப்பின் வழியே நேரடியாக எட்ட வழியில்லை. ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதிலும் பயனில்லை.

இந்நிலையில் நம்முன் மூன்று வழிகள் உள்ளன. இரு பதிப்புகளையும் ஒருசேர இயக்குவது ஒன்று. உள்ளே ஆறாம் பதிப்பை மட்டும் வைத்து, வாசலில் நான்காம் பதிப்புக்கு மாற்றித் தரும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது இரண்டு. நான்காம் பதிப்பிலேயே தங்கிவிடுவது மூன்று. மூன்றாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது அழகானது, முகவரித் திட்டம், ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் காவல்) விதிகள், பிழை தேடல் எல்லாம் ஒரே பதிப்பில் முடிகின்றன. ஆனால் டிஎன்எஸ்ஸிடம் (ஒரு பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் பெயரேடு) பெயரைக் கேளாமல் நான்காம் பதிப்பு எண்ணை நேரடியாக எழுதிவைத்திருக்கும் பழைய மென்பொருள்கள் அங்கே திக்கற்று நிற்கும். கைபேசி வலையமைப்புகள் இச்சிக்கலைக் கருவிக்குள்ளேயே ஒரு மாற்றியை வைத்துத் தீர்த்துக்கொண்டன. 2016 ஜூன் முதல் ஆப்பிள் தன் செயலிக் கடையில் சேரும் செயலிகள் ஆறாம் பதிப்பு மட்டுமே உள்ள வலையமைப்பிலும் இயங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் அவற்றுக்குத் துணையானது. அச்சுப்பொறிகளுக்கும் கேமராக்களுக்கும் அப்படிக் கட்டாயப்படுத்துவோர் யாரும் இல்லை. ஆகவே நம் சிறு வலையமைப்பில் இரு பதிப்புகளும் சில காலம் சேர்ந்தே ஓடட்டும். விருந்தினர் பகுதியில் மட்டும், 'எனக்கு நான்காம் பதிப்பு வேண்டாம்' என்று கருவியே தெரிவிக்க வழிசெய்யும் 2020ஆம் ஆண்டின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் நெறிமுறை) விருப்பம் 108ஐ இயக்கிப் பார்க்கலாம். மாற்றி ஏற்பாடும் உடன் இருந்தால், புதிய கைபேசிகள் பல அதை ஏற்றுத் தாமாகவே நான்காம் பதிப்பை விட்டுவிடும்.

இனி ஆறாம் பதிப்பின் வகைகளுக்கு வருவோம். அதன் முகவரி 128 பிட். பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுவதால் இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் அதில் இடம்பெறும். வழக்கமான அமைப்பில் முன்பாதி 64 பிட் எந்தத் துணைவலை (வலையமைப்பின் ஒரு பிரிவு) என்பதையும், பின்பாதி 64 பிட் அந்தத் துணைவலையில் எந்த இடைமுகம் என்பதையும் சொல்கின்றன. இந்தப் பிளவை நினைவில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் விலகும். ஏனெனில் 'எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்கான விடை முழுவதும் முன்பாதியில் இருக்கிறது. 'எவ்வளவு காலம்' என்பதற்கான விடை இரு பாதிகளிலும் பிரிந்து கிடக்கிறது.

தூரத்தில் முதலிடம் உலகளாவிய முகவரிக்கு. இப்போது இவை 2000::/3 என்ற தொகுதியிலிருந்து, அதாவது மொத்த முகவரி வெளியின் எட்டில் ஒரு பங்கிலிருந்து, வழங்கப்படுகின்றன. எனவே இவை 2 அல்லது 3 என்ற இலக்கத்தில் தொடங்கும். சேவை வழங்குநர் உங்களுக்கு ஒற்றை முகவரியைத் தருவதில்லை. ஒரு முன்னொட்டை, அதாவது முகவரியின் முற்பகுதியை, தருகிறார். அது /48 ஆக இருந்தால் 65,536 துணைவலைகளும், /56 ஆக இருந்தால் 256 துணைவலைகளும் உங்களுடையவை. /64 மட்டுமே தரப்பட்டால் ஒரே ஒரு துணைவலைதான். விருந்தினரையும் கேமராக்களையும் தனித்தனியே பிரிக்க நினைப்பவருக்கு அது கையைக் கட்டிப்போட்டதற்குச் சமம். முகவரிகள் ஏராளமாக இருக்கும் ஒரு பதிப்பில் /64 மட்டும் கொடுப்பது சிக்கனம் அன்று, பழைய பழக்கத்தின் மிச்சம். இணைப்பை வாங்குமுன் வேகத்தைக் கேட்பதுபோல முன்னொட்டின் நீளத்தையும், அது நிலையானதா மாறுவதா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கொடுப்பது ஆபத்து அல்லவா என்ற அச்சம் பலருக்கு உண்டு. நான்காம் பதிப்பில் முகவரி மாற்றத்தின் பின்னால் ஒளிந்திருந்து பழகியவர்களுக்கு அது இயல்பானதே. ஆனால் அங்கே காப்பாற்றியது முகவரி மாற்றம் அன்று; உள்ளிருந்து தொடங்கப்படாத இணைப்புகளுக்கு ரூட்டரிடம் பதிவு இல்லாமையால் அவை கைவிடப்பட்டன, அவ்வளவே. அதே பதிவேட்டை வைத்துக்கொண்டு, முகவரியை மாற்றாமலே, 'உள்ளிருந்து தொடங்கியதற்குப் பதில் மட்டும் உள்ளே வரலாம்' என்று ஃபயர்வால் சொல்ல முடியும். வீட்டு ரூட்டர்களில் இதை எப்படி அமைப்பது என்பதற்கான பரிந்துரை 2011இலேயே ஆர்எஃப்சி 6092 ஆக வெளிவந்துவிட்டது. இங்கே செய்யக்கூடாத ஒரு தவறும் உண்டு. பாதுகாப்பு என்று கருதி ஐசிஎம்பி செய்திகளை (பிழைகளையும் நிலையையும் தெரிவிக்கும் குறுஞ்செய்திகளை) முழுவதும் தடுத்துவிட்டால், 'பொட்டலம் (தரவுத் துண்டு) பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு' என்ற அறிவிப்பும் தடுபட்டுவிடும். ஆறாம் பதிப்பில் வழியில் உள்ள ரூட்டர்கள் பொட்டலத்தைத் துண்டாக்குவதில்லை. அனுப்பியவரே அதைச் செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு வந்து சேராவிட்டால் சிறிய பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் உறைந்து நிற்கும். காரணம் தேடி ஒரு முழு நாள் போகும்.

உலகளாவிய முகவரியின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது: முன்னொட்டு உங்களுடையது அன்று, வழங்குநருடையது. ரூட்டரை அணைத்து இயக்கினாலோ வழங்குநரை மாற்றினாலோ அது மாறக்கூடும். மாறும்போது நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ரூட்டர் அவ்வப்போது வெளியிடும் அறிவிப்பில் முன்னொட்டோடு இரண்டு ஆயுட்காலங்கள் வருகின்றன. மூல வரையறையின் இயல்பு மதிப்புகளின்படி 7 நாள் வரை அது விரும்பத்தக்கது (புதிய இணைப்புகளுக்கு உரியது), 30 நாள் வரை செல்லுபடியாகும். மின்சாரம் போய்வந்த ரூட்டர் பழைய முன்னொட்டை மறந்துவிட்டுப் புதியதை மட்டும் அறிவித்தால், கணினிகள் பழையதையும் நம்பிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து அனுப்பும் பொட்டலங்களுக்குப் பதில் வராது. உலாவிகள் பெரும்பாலும் இரு பதிப்புகளையும் கால் நொடி இடைவெளியில் முயன்று பார்த்து முந்துவதை எடுத்துக்கொள்வதால், இந்தக் கோளாறு 'இணையம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது' என்ற தோற்றத்திலேயே மறைந்துகிடக்கும். இப்படி ஒரு வலையமைப்பில் அச்சுப்பொறியை அதன் உலகளாவிய முகவரியாலேயே எல்லாக் கணினிகளிலும் பதிந்துவைத்த பிழையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். முன்னொட்டு மாறிய மறுநாள் காலை, எல்லாக் கணினிகளும் இல்லாத ஒரு முகவரிக்குப் பக்கங்களை அனுப்பிக்கொண்டிருந்தன.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது உள்ளக முகவரி. 2005இல் ஆர்எஃப்சி 4193 இதை வரையறுத்தது. நடைமுறையில் இது எஃப்டி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். தூரத்தில் இது உங்கள் எல்லைக்குள் அடங்கும், காலத்தில் நீங்கள் விரும்பும்வரை நிலைக்கும். வழங்குநர் யாராக இருந்தாலும், இணைப்பே அறுந்தாலும், உள்ளே இது மாறாது. மேலோட்டமாகப் பார்த்தால் 192.168இன் மறுபிறவிபோலத் தோன்றும், ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எஃப்டியை அடுத்து வரும் 40 பிட்டுகளை ஒவ்வொருவரும் சீரற்ற முறையில், குலுக்கல்போல, உருவாக்கிக்கொள்ள வேண்டும். அப்படி உருவாக்கிய ஆயிரம் வலையமைப்புகளைப் பிற்காலத்தில் ஒன்றோடொன்று இணைத்தாலும், அவற்றில் ஏதேனும் இரண்டு மோதிக்கொள்ளும் வாய்ப்பு இருபது லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 192.168.1 என்ற எண்வரிசையை வைத்திருக்கும் இரண்டு இடங்களை விபிஎன் (இணையத்தினூடே அமையும் தனிப்பாதை) வழியே இணைக்க முயன்றவருக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் நினைவில் வைக்க எளிது என்று எஃப்டிக்குப் பின் வெறும் பூஜ்யங்களாக நிரப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்; குலுக்காமல் எடுத்த சீட்டு அது, மோதல் தவிர்ப்பு என்ற ஒரே ஆதாயத்தையும் அங்கேயே இழந்துவிடுகிறார்கள்.

உள்ளக முகவரியில் பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருக்கும்போது எதை முதலில் முயல்வது என்பதை 2012இன் ஆர்எஃப்சி 6724 ஓர் அட்டவணையாக வகுத்துள்ளது. அதில் பொதுவான ஆறாம் பதிப்பு முகவரிக்கு 40, நான்காம் பதிப்பு முகவரிக்கு 35, உள்ளக முகவரிக்கு வெறும் 3 என்று முன்னுரிமை தரப்பட்டிருக்கிறது. இந்த அட்டவணையைப் பின்பற்றும் இயங்குதளத்தில், கோப்புச் சேவையகத்தின் பெயருக்கு 192.168இல் ஒன்றும் எஃப்டியில் ஒன்றுமாக இரு முகவரிகளைப் பதிந்துவைத்தால், கணினிகள் நான்காம் பதிப்பின் வழியாகவே போகும். உலகளாவிய முகவரியையும் சேர்த்துப் பதிந்தால் அதன் வழியாகப் போகும். எந்த நிலையிலும் எஃப்டி கடைசி இருக்கையில்தான். 'உள்ளக முகவரியை அமைத்தேன், ஆனால் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை' என்ற குறைக்கு விடை இதுவே. எனவே இதை அரைமனதோடு சேர்ப்பதில் பயனில்லை: அச்சுப்பொறி, கோப்புச் சேவையகம் போன்ற உள்வேலைக் கருவிகளின் பெயருக்கு எஃப்டி முகவரியை மட்டும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் இந்த வகையையே தொடாமல் விட்டுவிட வேண்டும். முன்னொட்டு நிலையானது என்று வழங்குநர் உறுதி கொடுத்திருந்தால் நான் இரண்டாவதையே தேர்வேன். உலகளாவிய முகவரி ஒன்றே உள்ளும் புறமும் போதும், திட்டத்தில் ஒரு அடுக்கு குறையும். முன்னொட்டு மாறக்கூடியது என்றால் உள்ளக முகவரி வேண்டும்.

எஃப்டி முகவரிகளை வாசலில் உலகளாவிய முகவரிகளாக மாற்றி அனுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. முன்னொட்டை மட்டும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றும் அது 2011இல் சோதனை நிலை ஆவணமாகவே வெளியானது. இரண்டு வழங்குநர்களின் இணைப்பை ஒருசேர வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு அது உதவலாம். மற்றவர்கள் அதை நாடுவது, விட்டுவந்த வீட்டின் கதவைத் தோளில் சுமந்து வருவதுபோலத்தான் எனக்குப் படுகிறது.

மூன்றாவது வகை லிங்க்-லோக்கல். எஃப்ஈ80 என்று தொடங்கும் இம்முகவரியை ஆறாம் பதிப்பை அறிந்த ஒவ்வொரு இடைமுகமும், ரூட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தானே உருவாக்கிக்கொள்ளும். இதன் எல்லை ஒரே கம்பி அல்லது ஒரே வைஃபை. எந்த ரூட்டரும் இதைத் தாண்டி அனுப்பாது. நாம் தேர்வு செய்யாமலே இது வந்துவிடுவதால், இதைப் பயன்படுத்துவதா என்பது கேள்வி அன்று. எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே கேள்வி. அண்டைக் கருவிகளைக் கண்டறியும் நெறிமுறையும் ரூட்டர் அறிவிப்புகளும் இதன் மேல்தான் ஓடுகின்றன. உங்கள் கணினியின் இயல்பு வாயில் (வெளியே செல்லும் வழி) என்று காட்டப்படுவதும் ரூட்டரின் எஃப்ஈ80 முகவரியே. அதனால்தான் உலகளாவிய முன்னொட்டு மாறினாலும் வாயில் மாறுவதில்லை. ஆனால் எஃப்ஈ80 எல்லா இணைப்புகளிலும் ஒரேபோல இருப்பதால், இரண்டு இடைமுகங்கள் உள்ள கணினியில் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுக்காட்டுக் குறியிட்டு இடைமுகத்தின் பெயரை எழுதுவது அதற்கான முறை. பெரும்பாலான உலாவிகள் அப்படி எழுதிய முகவரியை ஏற்பதில்லை. ஆகையால் ரூட்டரோடு ரூட்டர் பேசவும், எல்லாம் உடைந்த நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரு கருவிக்குள் நுழையவும் இது உகந்தது; அச்சுப்பொறியின் நிலையான முகவரி என்று இதை எழுதிவைப்பது உகந்தது அன்று.

முன்பாதியைத் தேர்ந்தாயிற்று, பின்பாதியிலும் தேர்வு உண்டு. பழைய வழி, வலையட்டையின் 48 பிட் வன்பொருள் எண்ணை நடுவில் பிளந்து, இடையே 16 பிட்டுகளைச் செருகி, 64 பிட்டாக நீட்டுவது. எளிமையானது, ஆனால் காலத்தைப் பொறுத்தவரை அளவுக்கு மீறி நிலையானது: மடிக்கணினி எந்த வலையமைப்புக்குப் போனாலும் பின்பாதி மாறாது, அதைத் தொடர்ந்து கவனிப்பவர் அதன் உரிமையாளர் எங்கெங்கே போகிறார் என்பதைக் கோத்துவிடலாம். வலையட்டையின் தயாரிப்பாளர் யார் என்பதும் அதிலேயே வெளிப்படும். 2014இன் ஆர்எஃப்சி 7217 இதற்கு மாற்றாக, ஒவ்வொரு முன்னொட்டுக்கும் வேறாகவும், அதே முன்னொட்டுக்கு மீண்டும் வரும்போது அதே மதிப்பாகவும் அமையும் ஒரு பின்பாதியைக் கணக்கிடும் முறையைத் தந்தது. 2017 முதல் நிலையான பின்பாதிக்கு இதுவே பரிந்துரைக்கப்படும் வழி. தற்காலிக முகவரி இதற்கும் ஒரு படி மேலே போகிறது: 2021இன் ஆர்எஃப்சி 8981இல் உள்ள இயல்பு மதிப்பின்படி ஒரு நாள் விரும்பத்தக்கதாகவும் இரண்டு நாள் செல்லுபடியாகவும் இருந்து, பிறகு மறைந்துபோகும். கணினியும் கைபேசியும் வெளியே போகும் இணைப்புகளுக்கு இதையும், உள்ளே வருவோருக்கு நிலையானதையும் வைத்துக்கொள்வதால்தான் ஒரே இடைமுகத்தில் அத்தனை முகவரிகள்.

இவற்றுள் எதை யாருக்கு என்பது இப்போது கடினமில்லை. பணியாளர்களின் கணினிகளிலும் விருந்தினரின் கைபேசிகளிலும் தற்காலிக முகவரியை அப்படியே விட்டுவிடலாம். பதிவேடுகளில் யார் எந்த முகவரியில் இருந்தார் என்று கண்டுபிடிப்பது கடினமாகிறது என்பதற்காக அதை அணைத்துவிடும் நிர்வாகிகள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ரூட்டரின் அண்டைக்கருவி அட்டவணையைக் குறித்த இடைவெளியில் சேமித்துவந்தாலே அந்தத் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிடும். சேவையகங்களுக்கு மட்டும் பின்பாதியைக் கையால் எழுதுவது சரி. அதிலும் 1, 2, 3 என்று வரிசையாக எழுதினால் ஊடுருவத் தேடிவருபவருக்கு வேலை எளிது. ஒரு துணைவலையின் பின்பாதியில் 2இன் 64ஆம் அடுக்கு இடங்கள் இருக்கின்றன. நொடிக்குப் பத்து லட்சம் வீதம் சோதித்தாலும் முழுவதையும் முடிக்க ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தப் பரப்பில் முதல் பத்து வீடுகளிலேயே குடியேறுவதற்கு நிர்வாகியின் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பொதுப் பெயர் உடைய வலைச் சேவையகத்துக்கு இந்த ஒளிவு பொருந்தாது. பெயரைக் கேட்டாலே முகவரி கிடைத்துவிடும்.

பின்பாதியைக் கருவியே அமைத்துக்கொள்வதா, டிஎச்சிபி சேவையகம் வழங்குவதா என்ற விவாதம் பழையது. மையமாக ஒரு பட்டியலை வைத்திருக்க விரும்புவோர் டிஎச்சிபியை விரும்புவார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஆறாம் பதிப்பில் டிஎச்சிபி வழியே தனி முகவரியைப் பெற நெடுங்காலமாக மறுத்துவந்திருப்பதால், அதை மட்டும் நம்பி அமைத்த வலையமைப்பில் அவை ஆறாம் பதிப்பு இல்லாமலே நிற்கும். ஆகவே தானே அமைத்துக்கொள்ளும் முறையை எல்லாருக்கும் திறந்துவைத்து, நிலையாக வேண்டியவற்றைக் கையால் எழுதுவதே சிறு வலையமைப்புக்கு ஏற்றது.

மல்டிகாஸ்ட், எனிகாஸ்ட் ஆகியவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் சிறு வலையமைப்பின் நிர்வாகி அவற்றைத் தேர்வு செய்யும் நிலை அரிது. எஃப்எஃப் என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் முகவரி ஒரு குழுவுக்கு உரியது. ஆறாம் பதிப்பில் எல்லாருக்குமான ஒலிபரப்பு முகவரி என்று தனியே ஒன்று இல்லாததால், அந்த வேலையையும் இதுவே செய்கிறது. எனிகாஸ்ட் முகவரி பார்வைக்குச் சாதாரண முகவரியே. ஒரே முகவரியைப் பல இடங்களில் உள்ள சேவையகங்களுக்குக் கொடுத்து, கேட்பவருக்கு அருகில் உள்ளது பதில் சொல்லும்படி வழித்தடங்களை அமைப்பதே அதன் நுட்பம். டிஎன்எஸ்ஸின் 13 மூலப் பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் பரவிய ஏராளமான சேவையகங்கள் இயங்குவது இதனால்தான். பழைய கையேடுகளில் காணப்படும் எஃப்ஈசி0 முகவரி 2004இலேயே கைவிடப்பட்டது. 2002 என்று தொடங்கும், நான்காம் பதிப்புக்குள் பொதிந்து அனுப்பும் முகவரிக்கான பொது இடைநிலையங்களும் 2015இல் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டன. புதிய அமைப்பில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

இப்போது நம் சிறு வலையமைப்புக்குத் திரும்பலாம். பணியாளர், விருந்தினர், கேமரா, சேவையகம் என்று நான்கு துணைவலைகள். ஒவ்வொன்றுக்கும் வழங்குநரின் முன்னொட்டிலிருந்து ஒரு /64. முன்னொட்டு மாறக்கூடியதாக இருந்தால், பணியாளர், கேமரா, சேவையகம் ஆகிய மூன்றுக்கும் குலுக்கி எடுத்த ஒரே எஃப்டி முன்னொட்டிலிருந்து கூடுதலாக ஒவ்வொரு /64. விருந்தினர் பகுதிக்கு எஃப்டி தேவையில்லை. கேமராப் பகுதியில் வழங்குநரின் முன்னொட்டை அறிவிக்காமல் எஃப்டி முகவரி மட்டும் கொடுத்தால், அவை வெளியே பேசவும் முடியாது, வெளியிலிருந்து யாரும் அவற்றோடு பேசவும் முடியாது. இங்கே தூரத்தைக் குறைப்பதே பாதுகாப்புக்கு நேரடியாக உதவுகிறது, மென்பொருள் புதுப்பிப்பை மட்டும் கையால் செய்ய வேண்டியிருக்கும். அச்சுப்பொறிகளும் கோப்புச் சேவையகமும் உள் டிஎன்எஸ்ஸில் எஃப்டி முகவரியோடு மட்டும் பெயர் பெறட்டும். அந்தப் பெயர்கள் பொது டிஎன்எஸ்ஸில் ஒருபோதும் இடம்பெறக் கூடாது. ஆறாம் பதிப்பை அறியாத பழைய அச்சுப்பொறி ஒன்று இருந்தால் அதற்கு 192.168இலேயே ஓர் எண்ணைக் கொடுத்து விட்டுவிடலாம்; அது ஓய்வுபெறும் நாளில் நான்காம் பதிப்பும் அந்தத் துணைவலையிலிருந்து ஓய்வுபெறலாம்.

வலைச் சேவையகத்துக்குக் கையால் எழுதிய பின்பாதியோடு உலகளாவிய முகவரி; பொது டிஎன்எஸ்ஸில் அதுவே பதிவாக வேண்டும். முன்னொட்டு மாறக்கூடியதாக இருந்தால் அந்தப் பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும், பதிவின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்துவைப்பதும் அவசியம். ஃபயர்வால் விதியையும் முழு முகவரிக்கு எழுதாமல், ரூட்டர் அனுமதித்தால், பின்பாதிக்கு மட்டும் எழுதிவைக்க வேண்டும். பெயரை வெளியிடும் முன், வேறொரு இணைப்பில் இருக்கும் கணினியிலிருந்து அந்த முகவரியின் போர்ட்டுகளைச் சோதித்து, வலைப் பக்கங்களுக்கு உரிய 80, 443 ஆகியவை மட்டுமே திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல ரூட்டர்களில் நான்காம் பதிப்புக்கான விதிகளும் ஆறாம் பதிப்புக்கான விதிகளும் இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். முதல் பட்டியலைக் கவனமாக எழுதிவிட்டு இரண்டாவதைத் திறந்தே பார்க்காதவர்கள் பலர்.